படைத்தளப் படங்களும் பெயர் இழந்த மாந்தரும்

நடுகல் கண்ட இனம் நம்மினம். போரில் வீழ்ந்த வீரனுக்கு ஏற்ற கல்லைத் தேடிக் கண்டு, அதனைக் கொணர்ந்து நீராட்டி, நாட்டி, வழிபட்ட முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் படிப்படியாக எடுத்துரைக்கின்றது. அக்கல்லில் வீரனின் பெயரும் அவன் ஆற்றிய செயலும் பொறிக்கப்பட்டன. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த நடுகற்களைப் பயின்றவர் ஓர் உண்மையை நன்கு அறிவர். எழுத்துள்ள கல், ஊரையும் அரசனையும் ஆட்சியாண்டையும் பூசலின் காரணத்தையும் சொல்லிவிடுகின்றது. எழுத்து மறைந்த கல்லிலும் வில்லேந்திய வீரன் நிற்கத்தான் செய்கிறான். ஆனால், அவன் யாவன் என்று கேட்டால் கல் வாய் திறப்பதில்லை.

புகைப்படத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணிபுரிந்தோர் பலர், தம் அணியின் அன்றாட வாழ்க்கையைச் சிறு பெட்டிக் காமிராக்களில் படமாக்கி வைத்தனர். அவர்கள் மறைந்தபின் அப்படங்கள் பேரன் பேத்தியர் கைக்கு வந்துள்ளன. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பழம்பெட்டிகளிலிருந்து வெளிவரும் அப்படங்களுள் சில, நம் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலும் அண்டை மாநிலமாகிய கெடாவின் விமானத்தளங்களிலும் எடுக்கப்பட்டவை. அவற்றை அயலார் வீட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. படத்தில் தெரியும் மண் நம்முடையது. படத்தின் ஓரத்தில் மண்வெட்டியோடும் துணிமூட்டையோடும் நிற்பவருள் நம் முன்னோரும் உண்டு. அவற்றை வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தளம் எழுந்த கதை

ஜுரு, பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய செபராங் பிறை, ஆங்கிலேயர் காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் எனப் பெயர் பெற்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் கொண்டுவரப்பட்டனர். கரும்பு நலிந்தபின் இரப்பரும் தென்னையும் வந்தன. பயிர் மாறினும் உழைத்த கை மாறவில்லை. சாலை போடவும் இருப்புப்பாதை செப்பனிடவும் அரசாங்கப் பொதுப்பணித் துறை நம்பியிருந்ததும் பெரும்பாலும் அக்கைகளையே.

1939-இல் போர் மேகம் சூழ்ந்தபோது பட்டர்வொர்த்தில் விமானத்தளம் அமைக்கும் வேலை தொடங்கிற்று. சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைக் காக்க வேண்டுமானால், வடக்கே வரும் பகைவனை வானிலேயே தடுக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் வகுத்த திட்டம். அதற்காகவே அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, பட்டர்வொர்த், கோத்தா பாரு முதலிய இடங்களில் ஓடுபாதைகள் சமைக்கப்பட்டன. பட்டர்வொர்த் தளம் 1941 அக்டோபரில் முறைப்படி திறக்கப்பட்டது. போர் வெடிக்க இரண்டே திங்கள் எஞ்சியிருந்தன. தளங்கள் இருந்தன; அவற்றில் நிற்கப் போதிய விமானங்கள் வந்து சேரவில்லை. மலாயாவின் வீழ்ச்சியைப் பற்றி எழுதியோர் அனைவரும் இக்குறையைச் சுட்டுவர்.

இத்தளங்களில் தங்கிய அணிகளுள் மூன்றை இங்கே குறிப்பிடலாம். 1939-இல் சிங்கப்பூருக்கு வந்த 62ஆம் அணி, பிளென்ஹைம் என்னும் இரட்டைப்பொறிக் குண்டுவீச்சு விமானங்களுடன் அலோர் ஸ்டாரில் தங்கியது. 27ஆம் அணி இந்தியாவிலிருந்து 1941-இன் தொடக்கத்தில் மலாயா வந்தது. ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆம் அணி, பீப்பாய் போல் பருத்த உடலையுடைய பஃபலோ விமானங்களுடன் சுங்கைப் பட்டாணியில் நின்றது.

படம் காட்டும் வாழ்க்கை

'ஸ்குவாட்ரன்' எனப்படும் விமான அணி என்றதும் நம் நினைவில் எழுபவன் விமானியே. ஆனால், ஒரு விமானி வானில் ஏறப் பலர் தரையில் உழைத்தாக வேண்டும். பொறியைப் பிரித்துச் சீர்செய்வோர், இறக்கையையும் உடலையும் செப்பம் செய்வோர், குண்டும் தோட்டாவும் ஏற்றுவோர், கம்பியில்லாத் தந்தி இயக்குவோர், எண்ணெய் நிரப்புவோர், கணக்கெழுதும் கிராணிகள், சமையற்காரர் என அப்பட்டியல் நீளும். போர் பற்றிய அரசாங்க அறிக்கைகளில் இவர்களுக்கு இடம் குறைவு. அவர்கள் தாமே எடுத்த படங்களிலோ இவர்களே நிறைந்திருப்பர்.

இத்தகைய தொகுப்புகளுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. முதலில் விமானத்தின்முன் வரிசை வரிசையாக அமர்ந்தும் நின்றும் எடுத்த அணிப்படம் இருக்கும். அடுத்து, ஏணிமேல் நின்று பொறியைத் திறந்து வைத்திருக்கும் தொழிலாளி, கொசுவலை கட்டிய கட்டில்கள், துணி உலர்த்திய கொடிகள், பந்தாட்டம், யாரோ வளர்த்த நாய்க்குட்டி. விடுமுறை நாட்களில் பினாங்குத் தீவுக்குச் சென்றவர் ஆயர் ஈத்தாம் கோயிலையும் கொடிமலை இரயிலையும் கடற்கரையையும் எடுத்திருப்பர். போரைப் பற்றிய தொகுப்பில் போர் அரிதாகவே தென்படும். இதில் வியப்பில்லை. படைவாழ்க்கையின் பெரும்பகுதி காத்திருத்தலே. மேலும், போர் மூண்ட இடங்களில் தனிப்பட்ட முறையில் படம் எடுப்பதற்குத் தடைகள் இருந்தன. குண்டு விழும்போது காமிராவைத் தேடுவோரும் இலர்.

ஆகவே இப்படங்கள் போரின் வரலாற்றுக்கு உதவுவதைக் காட்டிலும், ஓர் ஊரில் படை வந்து தங்கியபோது அவ்வூர் எப்படி இருந்தது என்பதை அறியவே பெரிதும் உதவும். தளத்தின் வேலி எங்கே ஓடியது, அப்பால் இருந்தது தென்னந்தோப்பா வயலா, குடில்களுக்குக் கூரை அத்தாப்பா தகரமா, வேலைக்கு வந்தோர் எதை உடுத்தினர் என்னும் செய்திகளை எந்தத் தளபதியின் அறிக்கையும் எழுதிவைக்கவில்லை. படமோ, எடுத்தவன் கருதாமலே இவற்றையெல்லாம் பதிந்து வைத்துள்ளது.

படம் இல்லாத நாட்கள்

1941 டிசம்பர் 8 அன்று சப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி என்னும் துறைகளிலும் கரையிறங்கினர். அன்றே வடக்கு விமானத்தளங்கள் தாக்கப்பட்டன. 62ஆம் அணி அலோர் ஸ்டாரைவிட்டுப் பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கியது. மறுநாள் பிற்பகல், சிங்கோராவில் பகைவர் பிடித்திருந்த தளத்தைத் தாக்குமாறு பட்டர்வொர்த்தில் எஞ்சியிருந்த பிளென்ஹைம் விமானங்களுக்கு ஆணை பிறந்தது. அணித்தலைவர் ஆர்தர் ஸ்கார்ஃப் முதலில் வானேறினார். ஏனையோர் ஏறுமுன் சப்பானிய விமானங்கள் தளத்தின்மேல் பாய்ந்தன. தரையில் நின்றவை அழிந்தும் சிதைந்தும் போயின.

தனியராய் நின்ற ஸ்கார்ஃப் திரும்பிவிட்டிருக்கலாம், எவரும் பழித்திரார். அவர் சிங்கோராவுக்குச் சென்று குண்டுகளை வீசினார். திரும்பும் வழியில் பகை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. முதுகிலும் இடக்கையிலும் கடும் புண்பட்ட அவரை, உடன் சென்றவர் இருக்கையில் சாயாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அலோர் ஸ்டாரில் ஒரு வயலில் விமானத்தை இறக்கினார். உடனிருந்த இருவரும் காயமின்றித் தப்பினர். அவ்வூர் மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிந்த அவர் மனைவி தம் குருதியையே அளித்தும் அவர் உயிர் பிழைக்கவில்லை. தைப்பிங் போர்க் கல்லறையில் அவர் துயில்கின்றார்.

நாம் கருதத்தக்கது இனிமேல்தான் வருகின்றது. இச்செயலுக்கு ஆங்கில அரசின் தலைசிறந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஆனால், அவ்விருது அறிவிக்கப்பட்டது 1946 ஜூனில். செயல் நிகழ்ந்து நான்கரை ஆண்டுகள் கழிந்தபின். தோல்வியின் குழப்பத்தில் அணிகள் சிதறின. ஏடுகள் எரிந்தும் தொலைந்தும் போயின. போர் ஓய்ந்து, உயிர் தப்பியோர் வாய்திறந்த பின்னரே செய்தி உரிய இடத்தை அடைந்தது. அணித்தலைவர் ஒருவரின் வீரச்செயலே, கண்டவர் சொல்லாவிட்டால் மறைந்துபோயிருக்கும். அங்ஙனமாயின், அதே நாளில் அதே பட்டர்வொர்த் ஓடுபாதையில் குண்டுக் குழிகளை மூட நின்ற கூலியாளின் கதை எங்கே போயிற்று?

டிசம்பர் 11 அன்று ஜார்ஜ் டவுன் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்கள் திரளாக மாண்டனர். டிசம்பர் 16ஆம் நாள் இரவில் ஐரோப்பியர் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தீவின் ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். அந்நிலையில் ஊர்ப்பொறுப்பை ஏற்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கியும், பாதுகாப்பற்ற நகர் இது என்று வானொலியில் அறிவித்தும் மேலும் குண்டு விழாமல் தடுத்தவர் அவர். தம் வாழ்வை அவரே நூலாக எழுதி 1970-இல் வெளியிட்டார். அதனால் அவர் பெயர் நமக்கு எஞ்சியது.

குண்டு விழத் தொடங்கியதும் தளங்களிலும் நகரிலும் தொழிலாளர் கலைந்துபோயினர் என்று ஆங்கிலத் தளபதியரின் அறிக்கைகள் குறைகூறும். படைக்கலம் ஏந்திய அணிகளே தெற்கே பெயர்ந்துபோன தளத்தில், மண்வெட்டி ஏந்தியவன் மட்டும் நின்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நீதி? ஒருதலைச் சான்றை மட்டும் கொண்டு வரலாறு எழுதினால் இத்தகைய பழி நிலைத்துவிடும். மறுதலைச் சான்று ஒரு படத்தின் மூலையிலோ, ஒரு பாட்டியின் நினைவிலோ இருக்கலாம்.

காலம் கணிக்கும் முறை

குறிப்பில்லாத படத்தையும் ஓரளவு பேசவைக்க முடியும். கல்வெட்டறிஞர் எழுத்தின் வடிவைக் கொண்டு காலத்தைக் கணிப்பது போல, விமானப்படைப் படங்களுக்கும் சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது, விமானத்தின்மேல் தீட்டிய வட்டக்குறி. ஆங்கில விமானங்களின் வட்டத்தின் நடுவே தொடக்கத்தில் சிவப்புப் பொட்டு இருந்தது. சப்பானியரின் செஞ்ஞாயிற்றுக் குறியோடு அது மயங்கியதால், கீழைப் போர்முனையில் அச்சிவப்பு நீக்கப்பட்டு நீல நிறங்கள் மட்டும் கொண்ட சிறு வட்டம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்திலும் இவ்வேறுபாடு புலப்படும். எனவே நடுப்பொட்டு கருமையாகத் தோன்றும் படம் மலாயா வீழ்ச்சிக்கு முந்தியதாக இருக்கலாம். வெளிறித் தோன்றுவது பெரும்பாலும் 1943-க்குப் பிற்பட்டதாகும்.

இரண்டாவது, விமானத்தின் வகையும் எழுத்தும். பஃபலோ விமானத்தின் உடலில் 'டி.டி.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது ஆஸ்திரேலியாவின் 453ஆம் அணி, 'டபிள்யூ.பி.' எனில் சிங்கப்பூர் காலாங்கில் இருந்த 243ஆம் அணி. மூன்றாவது, உடை. காக்கி அரைக்காற்சட்டையும் கெட்டியான வெயில் தொப்பியும் போரின் முற்பகுதிக்குரியன; பச்சைச் சீருடையும் அகன்ற விளிம்புத் தொப்பியும் பிற்பகுதிக்குரியன. நான்காவது, தரை. துளையிட்ட எஃகுத் தகடுகள் பரப்பிய ஓடுபாதை தெரிந்தால் அது மலாயா வீழ்ச்சிக்குப் பிற்பட்டது எனத் துணியலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 27ஆம் அணியின் சின்னம் யானை. அச்சின்னத்தைக் கண்டு, படம் இந்தியாவில் எடுத்தது என்று முடிவுகட்டினால் பிழையாகும். அச்சின்னம் முதல் உலகப் போரில் அவ்வணி ஓட்டிய 'எலிஃபண்ட்' என்னும் விமானத்தின் பெயரால் வந்தது. அதுபோலவே, தலைப்பாகை கட்டிய கருநிற மனிதரையெல்லாம் தமிழர் என்று எழுதிவிடுவதும் தகாது. தெலுங்கரும் மலையாளிகளும் பஞ்சாபியரும் அங்கே இருந்தனர். வடக்கு விமானத்தளங்களைக் காத்த காலாட்படையினருள் ஐதராபாத், பகவல்பூர் ஆகிய சமத்தானங்களின் வீரரும் உண்டு. நம்மவர் பெருமையை நாட்ட விரும்புவோர்க்குப் பிறரினும் கடுமையான சான்று நேர்மை தேவை.

ஓரத்தில் நிற்பவர்

இத்தகைய படங்களைப் பதிப்பிப்போர் விமானத்தை எத்துணை அன்போடு ஆராய்கின்றனர்! வால் எண்ணைப் படித்து, அது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்த அணிக்குப் போயிற்று, எந்த நாளில் வீழ்ந்தது என்பதுவரை எழுதிவிடுகின்றனர். அருகே நிற்பவர் ஆங்கிலேயராயின் பெயரும் பதவியும் தேடித் தருகின்றனர். அதே படத்தில் துணிமூட்டையுடன் நிற்பவருக்கு 'உள்ளூர் வேலையாள்' என்ற இரு சொற்களே கிடைக்கின்றன. இயந்திரத்துக்கு வாழ்க்கை வரலாறு உண்டு, மனிதனுக்கு இல்லை. இதை முழுவதும் அவர்களுடைய குற்றம் என்று சொல்வதற்கில்லை. அவர்களின் பாட்டனார் படத்தின் பின்புறம் தாம் அறிந்த பெயர்களையே எழுதினார். நாம் அறிந்த பெயர்களை எழுத வேண்டியவர் நாம்.

இதனினும் துயரமானது பின்னர் நிகழ்ந்தது. பட்டர்வொர்த் தளம் சப்பானியர் கைக்குப் போயிற்று. 1942-க்கும் 1943-க்கும் இடையே மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் ஆஸ்திரேலியப் போர்க்கைதி ஜார்ஜ் ஆஸ்பினால் தம் உயிரைப் பணயம் வைத்து, மறைத்து வைத்த காமிராவால் சில படங்களை எடுத்தார். அவை இன்றும் உலகின்முன் சாட்சி கூறுகின்றன. கைதிகளைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் மாண்ட நம் தொழிலாளரிடம் காமிரா ஏது? எழுதத் தெரிந்தவரே அவருள் சிலர். அவர்தம் துன்பம் வாய்மொழியாகவே வந்தது. வாய்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன.

இந்நிலை மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் 240ஆம் அணியின் கேட்டலினா பறக்கும் படகுகள் மிதந்தன. உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், கயத்தாறு ஆகிய ஊர்களில் போர்க்காலத்து ஓடுபாதைகள் போடப்பட்டன. இலங்கையில் திருகோணமலையை அடுத்த சீனன்குடா விமானத்தளம் 1942 ஏப்ரல் 9 அன்று சப்பானியரின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அங்கெல்லாம் கல் சுமந்தவரும் சாந்து குழைத்தவரும் சோறு ஆக்கியவரும் தமிழ்ப் பேசியவரே. அணிகளின் வரலாறு நூல்களாகக் கிடைக்கின்றது. ஊராரின் வரலாறு இனித்தான் எழுதப்பட வேண்டும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

போரை நேரில் கண்டோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஆயினும் எல்லாம் கைநழுவிவிடவில்லை. போருக்குப்பின் பட்டர்வொர்த் தளம் மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. 1950-களின் இறுதியில் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்புக்கு மாறியது. 1988-இல் மலேசிய விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த முப்பதாண்டுகளில் சேபர் விமானங்களும் பின்னர் மிராஜ் விமானங்களும் அங்கே நின்றன. ஆஸ்திரேலியக் குடும்பங்கள் பட்டர்வொர்த்திலும் தீவிலும் வாழ்ந்தன. அவர்கள் வீட்டில் சமைத்தவரும் தோட்டம் பேணியவரும், தளத்தில் கிராணியாகவும் தொழிலாளியாகவும் இருந்தவரும் இம்மாநிலத்து மக்களே. அக்காலப் படங்கள் இருதரத்து வீடுகளிலும் இருக்கக்கூடும். அவற்றில் நிற்பவரை 'இவர் என் அப்பா', 'இவர் பக்கத்து வீட்டு அத்தை' என்று சுட்டவல்ல மக்கள் ஜுருவிலும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இன்றும் வாழ்கின்றனர். போர்க்காலத்துக்கு நாம் செய்யத் தவறியதை இக்காலப் பகுதிக்கேனும் செய்யலாம்.

தமிழாசிரியர்கள் இதற்குத் தலைநிற்க வேண்டும். மாணவரிடம் பாட்டனார் வீட்டுப் படம் ஒன்றைப் பார்த்துவரச் சொல்லலாம். யார், எங்கே, எப்போது, எடுத்தவர் யார் என்னும் நான்கு வினாக்களுக்கு முதியோரிடம் விடை கேட்டு எழுதச் செய்யலாம். கட்டுரைப் பயிற்சிக்கு இதனினும் உயிருள்ள பொருள் கிடைப்பது அரிது. படத்தின் பின்புறம் மையால் எழுதலாகாது. அது மறுபுறம் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுத வேண்டும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல், இருந்தவாறே பிரதி எடுக்க வேண்டும். எந்தப் படத்துக்கு அடுத்து எந்தப் படம் ஒட்டப்பட்டது என்பதும் ஒரு சான்று. முதியவர் சொன்னதை அவர் சொன்னபடியே, சொன்னவர் பெயரோடும் நாளோடும் குறிக்க வேண்டும். உய்த்துணர்ந்ததை உய்த்துணர்ந்தது என்றே எழுத வேண்டும். நடுகல்லின் எழுத்தைத் திருத்தி வெட்டுவது, கல்லையே உடைப்பதற்கு ஒப்பாகும்.

தைப்பிங் கல்லறையில் ஸ்கார்ஃபின் பெயர் கல்லில் இருக்கின்றது. அது இருக்க வேண்டியதே. அவர் ஓட்டிய விமானம் புறப்பட்ட பாதையைச் சமன்செய்தோர்க்குக் கல் இல்லை. அவர் முகம் ஏதேனும் ஒரு படத்தின் ஓரத்தில் கிடைத்தால், அப்படமே அவர் கல். அதில் எழுத வேண்டிய பெயரை அறிந்த ஒருவர் இன்று நம் தெருவிலேயே வாழலாம். அவரிடம் சென்று கேட்பது நாளைக்கு ஒத்திப்போடத்தக்க பணியன்று.